நிறுத்தச் சொல்லும் கை

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னது நான்தான். ஆனால் 'நான்' என்று எழுதக் கை வரவில்லை, அதனால் பிரபாகர் என்று எழுதிக்கொள்கிறேன். நழுவுகிறான் என்று நினைத்தால் நீங்கள் நினைப்பது சரி.

2
முதல் வரி: 'சிங்கப்பூர், ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டின் வாசல் இரும்புக் கேட்டைப் பாதுகாப்புக்காகப் பிரபாகர் பூட்டினான்.'* 'பாதுகாப்பு' என்ற சொல்லை அடித்தேன். கண்காணிப்பு? அதற்குப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இவனோ பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறான். அதையும் அடித்தேன். மிஞ்சியது கட்டுப்பாடு.

(உள்ளே இருப்பவர் அப்பா வேலாயுதம். ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. இரண்டு முறை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸைத் தேடிப் போய்த் தொலைந்தார். போலீஸ்தான் கூட்டிவந்தது.)

* 'பூட்டினான்' என்பதில் மட்டும் சந்தேகமே வரவில்லை.

3
கிரேனை ஓட்டுவது அப்பா. கட்டுப்பாடு, கீழே நின்று சைகை காட்டும் ஒரே ஆளிடம். வேறு யார் சைகையும் செல்லாது, ஒன்றைத் தவிர. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'நிறுத்து'. தரை கூட்டுகிறவர் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். அந்த ஒரு சைகை இருக்கும்வரைதான் அது கட்டுப்பாடு. இல்லையென்றால் அதற்குப் பெயர்

(பிறகு எழுதலாம்.)

4
போன வாரம் பக்கத்து வீட்டு ருக்சார் அக்கா லிஃப்ட் அருகே பிடித்துக்கொண்டார்.

"பிரபா, நீ கெளம்பினதும் அப்பா கேட்டுக்குள்ள நின்னு கைய நீட்டி ஆட்டிக்கிட்டே இருக்காரு. டாட்டா காட்டுறாரு போல லா."

பிரபாகருக்கு அந்தச் சைகை தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"ஆமாக்கா. டாட்டாதான்."

"பாவம், எவ்ளோ பாசம்," என்றார் அக்கா.

லிஃப்ட் கதவு மூடியதும் பிரபாகர்

5
முடிவு ஒன்று: பூட்டை எறிகிறான். அப்பா மறுபடி தொலைகிறார், இந்த முறை கிடைக்கவில்லை. முடிவு இரண்டு: முதியோர் இல்லம். அங்கேயும் கேட் உண்டு. இரண்டையும் எழுத எனக்கு மனமில்லை.

மணி நான்கு. தேக்கா சந்தையில் உட்கார்ந்திருக்கிறேன், தேத்தண்ணி ஆறிவிட்டது. சாவி பிரபாகரின் பையில், சரி, என் பையில். அப்பா இப்போதும் கேட்டுக்குள் நிற்பார். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் அந்தக் கையைக் கண்டும் காணாததுபோல் இருந்ததில்லை. நான் தினமும் அப்படித்தான் இருக்கிறேன்.

யார் வேண்டுமானாலும் காட்டலாம் என்றேன். நீங்களும் காட்டலாம். இந்த வரியிலேயே கையை நீட்டுங்கள். நான் தலை நிமிர்ந்து பார்ப்பேனா என்று தெரியவில்லை.