கை எட்டும் அகலம்

பெட்டியைச் செய்து முடித்துவிட்டு நெட்டையன் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே, அதைப் பார்த்ததுமே தையல்காரிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. நெட்டையன் அவள் புருஷன். நிலைப்படியில் குனியாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாத உயரம், அதனால் தெருவே வைத்த பெயர். தொழில் தச்சு. சொன்ன அளவில் ஒரு காய்கறிப் பெட்டி செய்ய அவனுக்குத் தெரியாதா என்ன?

படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நாள் முழுக்கத் தையல் மெஷின்மேல் குனிந்து அவள் முதுகு போயே போய்விட்டது. தரையில் குனிந்து தோட்டம் போட முடியாது. பலகை அடித்து முழங்கால் உயரத்துக்கு மண் கொட்டினால், விளிம்பில் உட்கார்ந்தபடியே நடலாம், களை பறிக்கலாம். வீட்டுக்கு வேண்டிய தக்காளியும் கத்தரியும் அதிலேயே வந்துவிடும்.

"எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கை நடு வரைக்கும் எட்டணும். உள்ள கால் வைக்கிற வேலையே இருக்கக்கூடாது, மிதிச்சா மண்ணு இறுகிடும்" என்று கடைசியாகவும் ஒரு தடவை சொன்னாள். எட்டும் எட்டும் என்று தலையாட்டினான், மகராசன்.

இன்று தையல் கடையிலிருந்து வந்தால் பெட்டி நிறைய மண்ணும் எருவும் ரொப்பித் தயாராக இருக்கிறது. ஆசையாகத் தக்காளி நாற்றை எடுத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து கையை நீட்டினாள். எட்டவில்லை. எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் அதே கதை.

"யார் கையை வச்சு அளந்தீங்க?"

"கைன்னா கைதான். இதோ பாரு" என்று அவன் நீட்டிய கை நடுவைத் தாண்டிப் போனது.

"மண்ணைத் தொடப் போறது யாரு, நீங்களா நானா?"

"சரி, நடுவுல மட்டும் ஏறி நின்னு நடேன். ஒரு மிதியில என்ன வந்திடப் போகுது?"

"மிதிக்கக் கூடாதுன்னுதானே இந்தப் பெட்டியே."

"அப்ப விடு. நடுவுல இருக்கிறதை நான் பார்த்துக்கறேன். உனக்கென்ன கஷ்டம்?"

அந்த ஒரு வார்த்தையில்தான் அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுத்தான். அடுப்படி அலமாரி அவன் உயரம். முகம் பார்க்கும் கண்ணாடி அவன் உயரம், அதில் அவளுக்குத் தெரிவது நெற்றியும் உச்சி வகிடும். கொடிக்கயிறு அவன் உயரம். கேட்டால் நான் எடுத்துத் தரேன், நான் மாட்டித் தரேன். இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே துணை முக்காலிதான். முதல்முறையாக, யாரையும் கூப்பிடாமல் தானே செய்துகொள்ள ஒன்று கேட்டாள். அதிலும் நடுவை அவன் எடுத்துக்கொண்டான்.

கத்தவில்லை. கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை உருவி அவன் கையில் திணித்தாள்.

"நான் தினம் ஊரு பூராவுக்கும் கை அளவு எடுக்கறேன். இத்தனை வருஷத்துல என் கையை ஒரு தடவையாவது அளந்தீங்களா? இப்ப அளங்க."

"மண்ணு கொட்டியாச்சேம்மா..."

"அள்ளுங்க. வேலைன்னு வேற ஒருத்தர் கேட்டிருந்தா இப்படி அளவு கேக்காம பலகையை அறுத்திருப்பீங்களா?"

அவன் டேப்பை விரித்தான். ஒரு முனையை அவள் தோளில் வைத்தான். விரல் நுனி வரைக்கும் நீட்டி, அங்கே வந்த எண்ணையே வெறித்துப் பார்த்தான்.

"இவ்வளவுதானா?" என்றான், மெதுவாக.

"இவ்வளவுதான். எப்பவுமே இவ்வளவுதான்."

இருட்டுவதற்குள் பாதி மண்ணை வெளியே வாரி, ஒரு பக்கப் பலகையைக் கழற்றி உள்ளே தள்ளி அடித்தான். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஆணியையும் பார்த்தாள். பிறகு விளிம்பில் உட்கார்ந்து, நட்டநடுவில் நாற்றை ஊன்றி, வேரைச் சுற்றி மண்ணை அணைத்தாள். கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்து அவன் சுத்தியலைப் பைக்குள் போடப் போனான்.

"அதை எதுக்கு உள்ள வைக்கறீங்க? வாங்க, அடுப்படி அலமாரியை இறக்கணும்."