மஞ்சள் தடவிய அட்டை

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் முத்துச்செல்விக்கு வேலை. அங்கே ஊசி, நூல், கிளிப்பு, வெள்ளைப் பென்சில் எல்லாம் கொட்டிக் கிடக்கும். ஆனால் ஷிப்ட் முடிந்தால் கேட்டில் பையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு முழ நூல்கூட அவளோடு பஸ் ஏறியதில்லை. அதனால் பிள்ளைப்பாக்கத்து வாடகை அறையில் அவள் போர்வை தைக்க உட்கார்ந்தபோது கையில் இருந்தவை ஒரு ஊசி, ஒரு கத்தரி, அப்புறம் அசட்டுத் தைரியம்.

போர்வை சசிகலாவுக்கு. வீட்டுக்காரம்மா சுந்தராம்பாளின் மகள். தை மாதம் கல்யாணம். முத்துச்செல்வி திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த புதிதில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, கஞ்சி வைத்துக் கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் சசிகலாதான். அவளுக்குப் போய்க் கடையில் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி நீட்ட மனம் வருமா?

துண்டுத்துணிகளை ஆறு மூலையாக மடித்து, தேன்கூடு மாதிரி சேர்த்து ஒரு வெள்ளைக்காரி போர்வை தைப்பதைச் செல்போனில் பார்த்திருந்தாள். அந்த அம்மாள் மேசையில் துணி வெட்டத் தனிக் கத்தி, அதற்கு அடியில் விரிக்கத் தனிப் பாய், அளக்க ஒரு கண்ணாடி ஸ்கேல் என்று கடை பரப்பி வைத்திருந்தாள். அத்தனையும் வாங்குகிற காசில் சசிகலாவுக்கு ஒரு கட்டிலே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

முத்துச்செல்வி தன் அறையையே ஒரு சுற்றுப் பார்த்தாள். தேய்ந்த சோப்புச் சில்லு கோடு போட ஆயிற்று. குண்டூசிக்குப் பதில் ஹேர்பின். விரலில் ஊசி ஏறாமலிருக்கப் பிளாஸ்திரி. இஸ்திரிக்கு, சுடுதண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் டப்பா. துணி விலகாமல் பிடிக்கக் கொடியிலிருந்த கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டாள். அறையில் கூடத் தங்கியிருந்த இசக்கிசெல்வியின் யூனிபார்ம் பறந்து போய் முருங்கைமரத்தில் தொங்கியது இதனால்தான். உள்ளே வைக்கிற பஞ்சுக்கு நைந்த நூல்புடவை இருந்தது. துணிக்கு, பிளவுஸ் வெட்டி மிஞ்சியதை ஸ்ரீபெரும்புதூர் டெய்லர் பை நிறைய அடைத்துக் கொடுத்தார். "அள்ளிக்கினு போம்மா, எனக்குக் குப்பை கொறையும்."

அட்டைதான் அமையவில்லை. ஒவ்வொரு துண்டையும் ஓர் அட்டைமேல் மடித்துத்தான் தைக்க வேண்டும். பிஸ்கட் டப்பா அட்டை வளைந்துகொடுத்தது. காலண்டர் அட்டையில் ஊசி இறங்க மறுத்தது. அப்போதுதான் அலமாரியில் சாய்த்து வைத்திருந்த சசிகலாவின் கல்யாணப் பத்திரிகை கண்ணில் பட்டது. அப்படியொரு அட்டை! தேதி நினைவிருக்கிறது, மண்டபமும் தெரியும், இனி இது எதற்கு என்று கத்தரியை வைத்துவிட்டாள். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, மூலைகளில் தடவியிருந்த மஞ்சள்கூட அவளுக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிண்ணத்தில் மோர்க்குழம்போடு சுந்தராம்பாள் உள்ளே வந்தாள். தரையில் பாதிப் பிள்ளையார் கிடந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை புருஷோத்தமன் இரண்டு துண்டாகக் கிடந்தான்.

"இன்னாடி இது?" கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே பத்திரிகைய வெட்டிப் போட்டுக்கினு கீறியே, உனுக்கு நாங்க இன்னாடி பாவம் பண்ணோம்?"

"யம்மா, தெரியாம செஞ்சிட்டேன். சசியக்காவுக்குத்தான் போர்வை தைக்கேன்."

"போன வருசம் சசிக்கு நிச்சயம் வரைக்கும் வந்து நின்னுபோச்சி. இதுவும்..." கையை நீட்டினாள். "எல்லாத் துண்டையும் இப்பவே எங்கையில குடு. குடுத்துட்டு வேற ரூமு பாத்துக்கோ."

ரூம் போனால் பக்கத்து ஊர் மண்ணூரில் கிடைக்கும். ஆனால் சசியின் கல்யாணத்தை வெட்டியவள் என்ற பெயரோடு இந்த வாசலைத் தாண்டினால் அது சாகும்வரை கூடவே வரும்.

முத்துச்செல்வி ஒவ்வொரு துணியாகத் தையல் பிரித்து அட்டையை உருவிக் கொடுத்தாள். சுந்தராம்பாள் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பொருத்தினாள். பிள்ளையார் முழுசானார். மாப்பிள்ளை ஒன்றுசேர்ந்தான். பெரியப்பா, சித்தப்பா, மண்டபம் எல்லாம் வந்துவிட்டன. மணப்பெண் இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

"எம் பொண்ணு பேரு எங்கடி?"

முத்துச்செல்வி போர்வை நடுவில் வைக்க, ஆறு மூலைத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருந்த பூவை எடுத்தாள். முதல்முதலாகத் தைத்தது அதுதான். அட்டையை உருவ வேண்டும் என்று அப்போது தெரியாமல், பின்துணியும் வைத்து மூடித் தைத்திருந்தாள்.

"இதுக்குள்ள இருக்கும்மா. பிரிச்சு எடுத்துத் தாரேன்." நூல் அறுக்க வைத்திருந்த பாதி பிளேடைத் தையலில் வைத்தாள்.

சுந்தராம்பாள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "வேணாம். ஒரு தபா வெட்டுனது போதும்."

பூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு பிளவுஸ் துணி, எறும்பு வரிசை மாதிரித் தையல். விரலால் அழுத்தியபோது உள்ளே அட்டை சலசலத்தது.

"நூலு பிரிஞ்சிக்காதே?"

"ரெட்டை நூலாப் போட்டிருக்கேம்மா. பிரியாது."

"அப்ப வுடு. அப்டியே இருக்கட்டும்." பூவைத் திருப்பிக் கொடுத்து, மற்றத் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு கல்யாணப்பெண்ணைவிட முத்துச்செல்விதான் அதிகம் பயந்தாள். அந்த வீட்டில் போன் அடித்தால் இவள் ஊசியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். பிஸ்கட் டப்பா அட்டையையே இரண்டாக ஒட்டி வைத்துத் தைத்து, அந்தப் பூ நடுவில் வரப் போர்வையை முடித்துச் சசியிடம் கொடுத்தாள். முகூர்த்தத்தன்று லீவு போட்டு மண்டபத்தின் கடைசித் தூணோரம் நின்றாள். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் இரண்டு வீட்டாருக்கும் சொந்தமில்லாத அவள் விக்கி விக்கி அழுததைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரியாகத் திரும்பினார்கள். மணமேடையிலிருந்த சுந்தராம்பாளும் பார்த்தாள்.

மறுவாரம் அறைக்கதவு தட்டப்பட்டது. சுந்தராம்பாள் கையில் ஒரு கட்டு, மிஞ்சிப்போன பத்திரிகைகள்.

"ரூமு பாத்துட்டியா?"

"மண்ணூர்ல ஒண்ணு சொல்லியிருக்காவ."

"வோணான்னு சொல்லிடு." கட்டை அவள் மடியில் வைத்தாள். "இந்தா, வெட்டிக்கோ. இனிமே இன்னா?"

முத்துச்செல்வி பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பத்திரிகையிலும் பிள்ளையாரும் பெயர்களும் இருந்த பக்கத்தைச் சுந்தராம்பாளே கோணல்மாணலாகக் கத்தரித்து எடுத்துவிட்டிருந்தாள். மிச்சமிருந்தது வெறும் அட்டை.

"சசி போன் பண்ணிச்சி. போர்வைக்குள்ள இன்னாமோ சலசலங்குதாம். இருந்தா இருக்கட்டும், தொவைக்காதேன்னு சொல்லிக்கீறேன்." கதவுவரை போனவள் நின்றாள். "அடுத்தது ஒண்ணு சின்னதா தை. தூளியில போடற அளவுக்கு. அவசரமில்ல."