பின்வாசல் வைக்காத வீடு

இந்தக் காலத்தில் வீடு கட்டுகிறவனிடம் அத்திவாரத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவான். வயதான ஒருவன் வாயைத் திறந்தால் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்குவான். என் மருமகன் ஹில்மியும் அப்படித்தான்.

எங்கள் வழக்கப்படி மகளுக்கு வீடு கொடுக்க வேண்டியது வாப்பா. காத்தான்குடிக் கடற்கரைப் பக்கம் ஹிதாயாவுக்கென்று நான் வைத்திருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. கூடவே அவளுடைய உம்மா ஜெமீலாவையும். பிறகு என்னால் இன்னொன்று கட்ட முடியவில்லை. நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருசம், கத்தாரிலிருந்து வந்த ஹில்மி வாவிக்கரையில் தானே கட்டத் தொடங்கினான். வீடு கொடுக்காத மாமனுக்கு அந்த வீட்டில் வாய் இல்லை. தெரிந்துகொண்டுதான் பார்க்கப் போனேன். ஹிதாயாவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

கூரை முடிந்து மேசன் சரீப் பூச்சு வேலையில் நின்றான். வீட்டை இரண்டு தரம் சுற்றி வந்தேன். குசினியில் அடுப்புக்கு அந்தப் பக்கம், பின்கதவு இருக்க வேண்டிய இடத்தில் குளியலறைச் சுவர். எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி, சுவரோடு சேர்த்துப் பூசியிருந்தது.

"பின்வாசல் எங்க?"

"குளியலறை வச்சதில அதுக்கு இடமில்ல மாமா," என்றான் ஹில்மி. "கள்ளனும் அதாலதானே வாறான்."

"தண்ணி வந்தா எதால போற?"

"கடல் இங்கயிரிந்து ஒரு மைல். அதுக்குத்தானே இந்தப் பக்கம் வந்த."

"கடலுக்கு ஒளிச்சு வந்து வாவிக்கு முன்னால குந்தி இரிக்கிறீங்க. மாரியில முகத்துவாரத்து மணல வெட்டிக் கடலுக்கு விடப் பிந்தினா இந்தத் தண்ணி எதுவரைக்கும் ஏறும் எண்டு எனக்குத் தெரியும். நான் இதில வலை வீசினவன். இந்த வளவே மண் போட்டு நிரப்பின இடம்."

சரீப் என்னைக் காட்டிச் சிரித்தான். அவனுக்கு நான் காக்கா, அண்ணன் முறை. "உசனார் காக்காக்கு வாசல்ல ஒரு தோணி கட்டி வைப்பமா?"

"கட்டு. உன்ட வேலைய விட அது நிண்டு பிடிக்கும்."

ஹிதாயா சிரிக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, இரவில் ஆயுதத்தோடு யார் வருவார்களோ என்று ஊரே விழித்துக் கிடந்த காலத்தில், எங்கள் ஜன்னல்களுக்குக் கம்பி போட்டவன் நான். சுனாமியன்று ஜெமீலா மகளுடைய நகையை எடுக்க அறைக்குள் ஓடினாள். தண்ணீர் அலுமாரியைக் கதவில் சாய்த்தது. வெளியே நின்று நானும் ஹிதாயாவும் ஜன்னல் கம்பியை இழுத்தோம். உள்ளே நின்று அவளும் இழுத்தாள். நல்ல கம்பி. வளையவில்லை. அடுத்த அலை எங்கள் இருவரையும் பிய்த்து எடுத்தது.

"வாப்பா செல்றதச் செய்ங்க," என்றாள் ஹிதாயா புருசனிடம். "ஒரு ஜன்னல்ட கம்பிய மட்டும் திறக்கிற மாதிரி வைங்க."

ஹில்மி என்னைப் பார்க்காமல் தலையாட்டினான்.

டிசம்பரில் குடிபுகுந்தார்கள். மழை மூன்று நாளாக விடவில்லை. வாவி வளவு வேலியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மௌலவி துஆ ஓதி முடித்ததும் நான் நேரே மகளுடைய அறைக்குப் போனேன். ஜன்னல் கம்பிக்குக் கீல் வைத்திருந்தது. வேலை சுத்தம், சரீப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பியில் ஒரு பூட்டுத் தொங்கியது.

"இதுக்குச் சாவி?"

"முன்கதவுக்குப் பக்கத்தில ஆணியில இரிக்கி மாமா. இங்க வச்சா வெளிய நிண்டு கைபோட்டு எடுப்பாங்க."

அறையிலிருந்து அந்த ஆணி வரை நடந்து பார்த்தேன். பதினெட்டுக் காலடி. திரும்பி வரும்போதுதான் அறைக்கதவுக்குப் பக்கத்தில் நின்ற புது அலுமாரியைக் கண்டேன். ஜன்னல் விளிம்பு என் நெஞ்சளவு இருந்தது. ஹிதாயா நிறைமாத வயிற்றோடு கட்டிலில் உட்காரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"சாவிய நான் தலகணிக்குக் கீழ வைக்கிறன் வாப்பா. நீங்க சாப்பிடுங்க."

"இண்டைக்கு வைப்பாய்."

நான் செருப்பைத் தேடினேன்.

"மழையில எங்க போற? இங்கயே படுங்களன்," என்றாள் ஹிதாயா.

"பின்வாசல் வச்சாச் செல்லி அனுப்பு. வாறன்."

குடையை விரித்து ரோட்டில் ஏறினேன். ஏறின பிறகுதான் புரிந்தது. வீட்டுத் தரையைவிட ரோடு ஒரு முழம் உயரம். ரோட்டுத் தண்ணீர் வாசல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் ஒருவரும் பார்க்கவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்ச் சொல்லாமல் நான் நடந்தேன்.