பதினொன்று பத்துக்கு வரும் மேடு

மருந்துக் கிடங்கில் அவளுடைய வேலை உட்கார்ந்து பார்ப்பது. நான்கு குளிர் அறைகள், அறைக்கு மூன்று சென்சார்கள், திரையில் பன்னிரண்டு கோடுகள். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் கோடு ஓடினால் தடுப்பூசிகள் நலம். எட்டைத் தாண்டினால் கோடு சிவக்கும். இயற்பியல் படித்துவிட்டு இதற்கா போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. கோடுகள் பேச்சுக் கொடுப்பதில்லை.

வந்த முதல் நாளே, மருந்துகளின் தரத்துக்குப் பொறுப்பான தர அதிகாரி அவளை “ஏம்மா கண்ணாடி” என்று கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடி போட்டவள் அங்கே அவள் ஒருத்திதான். பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் அறையில்தான் வினோதம். மூன்று வாரமாகத் தினமும் காலை பதினொன்று பத்துக்குக் கோட்டில் ஒரு மேடு. விறுவிறுவென்று ஏறும், உச்சியில் சற்று நிற்கும், விறுவிறுவென்று இறங்கும். முதலில் ஆறு டிகிரியைத் தொட்டது, பிறகு ஏழு. இந்த வாரம் எட்டைத் தாண்டிச் சிவந்தது.

அந்த அறைக்குப் பொறுப்பு ஸ்வெட்டர் அக்கா. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் பதினோரு வருடமாக அதே பச்சை ஸ்வெட்டர். புதன்கிழமை தர அதிகாரி அவரைக் கண்காணிப்பு அறைக்கே வரவழைத்துத் திரையைக் காட்டினார்.

“கதவைத் திறந்து போட்டுட்டு ஃபோன் பேசுறீங்க. வேற என்ன?”

“உள்ள டவரே எடுக்காது சார்.”

“அதான் கதவுல நின்னு பேசுறீங்க.”

“எனக்கு யாரு சார் பதினொண்ணு பத்துக்குக் கரெக்டா ஃபோன் பண்றாங்க? என் வீட்டுக்காரர் கல்யாண நாளையே மறந்துடுவார்.”

அவர் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் இது வந்துச்சுன்னா வேற ஆள் போட்டுடுவேன்.”

அவர் போன பிறகு அக்கா ஸ்வெட்டரின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். மூன்றாம் அறைக்கே திரும்பிப் போய்விட்டார்.

அவள் அந்த மேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். லாரி வந்து பெட்டி இறக்கும் நாட்களில் கதவு வெகுநேரம் திறந்திருக்கும். அப்போது கதவோரச் சென்சார்தான் முதலில் ஏறும், பிறகு நடுவில் உள்ளது, கடைசியாகப் பின்சுவரில் உள்ளது. மூன்றும் சோம்பலாக ஏறிச் சோம்பலாக இறங்கும். இந்த மேட்டில் நடுச் சென்சார் மட்டும் துள்ளுகிறது. கதவோரச் சென்சார் தூங்குகிறது. தர அதிகாரிக்குப் போகும் அறிக்கையில் அறையின் அதிகபட்ச எண் மட்டும்தான் இருக்கும். எந்தச் சென்சார் என்பது இருக்காது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. போன வியாழக்கிழமை மேடே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் மெல்லக் கேட்டாள். “போன வியாழன் என்னக்கா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலையே. நிம்மதியா இருந்துச்சு. சார் லீவு.”

சொன்ன அக்காவும் கேட்ட அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அக்கா மூன்றாம் அறையைப் பூட்டிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தர அதிகாரி பதிவேட்டோடு நடைபாதையில் போனார். அவரிடம் தனிச் சாவி உண்டு. பதினொன்று பத்து. நடுக்கோடு லேசாகத் துடித்தது. ஆறு. ஏழு. எட்டு. சிவப்பு.

“இவரு உள்ள போய் அடுப்பு மூட்டுறாரா?” என்றார் அக்கா.

“மூச்சு விடுறாருக்கா.”

நடுச் சென்சாரின் சூட்டை அறைக்குள்ளேயே காட்டும் எண்பெட்டி சுண்டுவிரல் நீளம்தான். எறும்பளவு எண்கள். சென்சார் அதற்குக் கீழேயே தொங்குகிறது. திரையை நம்பாமல் தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று மூன்று வாரம் முன்புதான் அவர் இந்த வழக்கத்தைத் தொடங்கினார். குனிந்து, முகத்தைக் கிட்டே வைத்துப் படிப்பார். சூடு ஏறியதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. கையும் களவுமாகப் பிடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் நின்றார். நிற்க நிற்க மேடு வளர்ந்தது. தேடுகிற திருடனுக்கு அவரே ஏணி பிடித்துக்கொண்டிருந்தார்.

“போய்ச் சொல்லு,” என்றார் அக்கா.

“நானா?”

“நான் சொன்னா கதை விடுறேன்னு சொல்லுவாரு. நீ படிச்ச பொண்ணு.”

அன்று மாலை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். மூன்று வாக்கியம் தொடங்கினாள். மூன்றும் ‘சார்’ என்ற சொல்லோடு நின்றுவிட்டன.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்கு அவர் மேசை முன்னால் போய் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். “சார், இன்னைக்கு நான் போய் எழுதிட்டு வரட்டுமா, நீங்க என் சீட்ல இருந்து பாருங்க.”

“எதுக்கு?”

“ஒண்ணு பாக்கணும் சார்.”

அவள் இத்தனை சொற்கள் பேசி அவர் கேட்டதில்லை. பதிவேட்டை நீட்டினார்.

உள்ளே அவள் முதல் இரண்டு நிமிடம் ஒரு கை தூரத்தில் நின்றாள். 5.4. அசையவில்லை. பிறகு குனிந்து, எண்பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு சாதாரணமாக மூச்சு விட்டாள். எண்கள் ஏறத் தொடங்கின. 8.3 வந்ததும் எழுதிக்கொண்டு வெளியே வந்தாள். வந்ததுமே கண்ணாடியில் பனி மூடியது. அக்கா அங்கேதான் நிற்கிறார் என்பது பச்சை நிறத்தை வைத்துத்தான் தெரிந்தது.

தர அதிகாரி திரையில் வைத்த விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“முதல்ல எங்க நின்ன?”

“ஒரு கை தூரத்துல.”

“அப்புறம்?”

“நீங்க நிக்கிற இடத்துல சார். மருந்துக்கு ஒண்ணும் ஆகலை. சென்சாருக்கு மட்டும்தான் சூடு.”

கோபத்துக்கு அவள் தயாராகி வந்திருந்தாள். அவர் வேறொன்று கேட்டார்.

“ஒரு கை தூரத்துல அந்த நம்பர் உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார்.”

“நல்லாவா?”

“நல்லா.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் அவ்வளவு கிட்டே போய் நிற்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தாளில் எழுதிப் பார்த்த எந்த வாக்கியத்திலும் அது இல்லை.

பதிவேட்டைத் திறந்தார். காரணம் என்ற கட்டத்தில் வரிக்கு வரி ‘கதவு’ என்று இருந்தது. அடிக்கோலை வைத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் ‘நான் நின்ற இடம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி வரியை முடித்துவிட்டு, வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

“நீங்க இங்கயே இருங்க.”

“நான் எங்க சார் போறேன்,” என்றார் அக்கா.

அடுத்த புதன்கிழமை பதினொன்று பத்துக்கு நடுக்கோடு நேராக ஓடியது. மேடு இல்லாதது அவளுக்கு என்னவோ போல இருந்தது. எழுந்து நடைபாதைக்குப் போனாள். மூன்றாம் அறைக் கதவு திறந்தது. தர அதிகாரி புத்தம் புதிய மூக்குக் கண்ணாடியோடு வெளியே வந்தார். வந்த வேகத்தில் இரண்டு வில்லைகளும் வெள்ளையாகிவிட்டன. சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

“ஏம்மா கண்...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு, “இதை நீ எப்படிச் சமாளிக்கிற?” என்றார்.

“துடைக்காதீங்க சார். ஒரு நிமிஷம் நின்னா தானா போயிடும்.”

இருவரும் நின்றார்கள்.