இருபத்துமூன்றாம் வசனம்

வேதத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் இருபத்தொன்பது வசனங்கள். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலில் அவள் அதைத் தட்டச்சு செய்து முடித்தபோது இருபத்தெட்டுதான் இருந்தன.

கவனக்குறைவு என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. பதினாறு வருடமாக ஒரு பிரெயில் அச்சகத்தில் தட்டச்சு செய்கிறவள். தூக்கத்தில் எழுப்பி உட்கார வைத்தாலும் பிழையில்லாமல் அடிப்பாள். இது தெரிந்தே செய்தது. இருபத்துமூன்றாம் வசனத்தை எடுத்துக் கடாசிவிட்டு, இருபத்துநான்கை இருபத்துமூன்றாக்கி, அதிகாரத்தின் கடைசிவரை எண்களை ஒவ்வொன்றாகக் கீழிறக்கினாள். திருட்டுக்கு இத்தனை ஒழுங்கா என்று கேட்கலாம். ஒழுங்கில்லாத திருட்டுதானே பிடிபடுகிறது.

காரணம் அவள் மகள். குட்டி என்று கூப்பிடுவார்கள், வயது பன்னிரண்டு, பிறவியிலேயே பார்வை கிடையாது. வாரத்துக்கு ஓர் அதிகாரமாக வேதத்தை வாசித்துவரும் வழிபாட்டுக் கூடத்தில் ஒருநாள் தானும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்பது ஐந்து வயதிலிருந்தே அவளுடைய ஆசை. இப்போதுதான் வேதம் முதல்முறையாக பிரெயிலில் வரப்போகிறது. கூடத்தின் தலைவர் தொழிலால் பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பழகியவர் என்பதால், “முதல் பிரதி வந்ததும் உங்க பொண்ணே வாசிக்கட்டும்” என்று அவராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குட்டிக்கு வேறு பேச்சே இல்லை. எந்த உடுப்பு, எப்படி நிற்பது, மைக் எவ்வளவு தூரம் என்று அப்பாவைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா விரல்விட்டு வாரங்களை எண்ணினாள். குட்டியின் முறை வரும் நாளில் வாசிக்க வேண்டியது ஒன்பதாம் அதிகாரம். அதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்த மத்தியானம், இருபத்துமூன்றாம் வசனம் இப்படித் தொடங்கியது: ‘பார்வையற்றவர் சபைமுன் நின்று ஓதாதிருப்பாராக.’

அதன் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அதைப் படிக்க அவளுக்கு மனம் வரவில்லை, தேவையும் இருப்பதாகத் தோன்றவில்லை. எத்தனையோ நூறு வசனம் இருக்கிற புத்தகத்தில் ஒன்று போனால் வானம் இடிந்து விழாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். என் பிள்ளை தன் வாயாலேயே இதைப் படித்து, பாதியில் நின்று, அத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகி உட்காருவதா? கடவுளுக்கு இதைவிட நல்ல வசனங்கள் சொல்லத் தெரியும். எடுத்துவிட்டாள்.

மூன்று நாள் கழித்து அந்த அதிகாரம் மெய்ப்புக்கு வந்தது. அங்கே மெய்ப்புப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து இன்னொருவர் பிரெயில் தாளில் விரலை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். வாசிப்பது அவள். விரல் ஓட்டுவது புள்ளி அண்ணன். அவருக்கும் பார்வை இல்லை. ஒரே ஒரு முற்றுப்புள்ளிக்காக நூறு பக்கப் பாடப்புத்தகத்தைத் திருப்பி அனுப்பியவர் என்பதால் அந்தப் பெயர். ஒவ்வொரு தாளின் மூலையிலும் அவர் தன் ஊசியால் மூன்று குத்து குத்தினால்தான் அது பக்கத்து அறை இயந்திரத்துக்குப் போகும்.

அடித்தவளே வாசிக்கவும் செய்கிறாள். அங்கே இல்லாததை இங்கேயும் வாசிக்காமல் விட்டால் தீர்ந்தது. கண்ணில் மண்ணைத் தூவக்கூட வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாசித்தாள்.

“இருபத்திரெண்டு முடிஞ்சுது. அடுத்து?” என்றார் புள்ளி அண்ணன்.

“இருபத்திமூணு. ‘சபையின் விளக்குகளைக் காப்பவர் மாலைக்கு முன் வருவாராக.’ முற்றுப்புள்ளி.”

அவர் விரல் அப்படியே நின்றது.

“இதுவா இருபத்திமூணு?”

“ஆமாண்ணே. உங்க விரலுக்குக் கீழயும் அதானே இருக்கு.”

“விரலுக்குக் கீழ இருக்கிறது நீ அடிச்சது. உன் கையில இருக்கிற புத்தகத்துல என்ன இருக்குன்னு கேக்குறேன்.”

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பக்கத்து அறையில் இயந்திரம் தடதடவென்று தாளைக் குத்திக்கொண்டிருந்தது.

“எனக்கு அப்போ பதினோரு வயசு” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “கூடத்துல வாசிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். எங்க சித்தப்பாதான் அங்க எல்லாம். ஒன்பதாம் அதிகாரம், இருபத்திமூணுன்னு நம்பரோட சொல்லி என்னை உக்கார வச்சார். நாப்பது வருசமாச்சு. எங்க வீட்டு விலாசம் மறந்தாலும் அந்த நம்பர் மறக்காது. இன்னைக்குக் காலையில குளிக்கிறப்பவே நெனச்சேன், இன்னைக்கு அதை என் விரலால தொடப்போறேன்னு. நீ விளக்குக் கதை சொல்ற.”

“குட்டிக்காகத்தான்ணே” என்றாள். அழுகை வந்துவிட்டது. “அவ இதைத்தான் முதல் முதல்ல வாசிக்கணுமா? அவ மனசு என்ன பாடுபடும்? நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“நல்லாவா இருந்துச்சு? ஒரு வாரம் சாப்பிடல. அதுக்கப்புறம் கூடத்துப் பக்கமே போனதில்ல.” தாளை அவள் பக்கம் தள்ளினார். “இங்க பாரு தங்கச்சி. ரோட்டுல எங்களுக்குக் கை குடுக்கிறீங்க, சந்தோசம். புத்தகத்துக்குள்ளயும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவீங்களா? பள்ளம் எங்க இருக்குன்னு நாங்களே விழுந்து தெரிஞ்சுக்கிறோம். அந்த வசனத்தோட நான் நாப்பது வருசமா சண்டை போட்டுட்டிருக்கேன். எதிராளியை நீ சொல்லாமக்கொள்ளாம ஊரை விட்டு அனுப்பிட்டா நான் யாரோட சண்டை போடுறது?”

அவள் தாளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“வாசி. முழுசா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பினாள். “‘பார்வையற்றவர் சபைமுன் நின்று ஓதாதிருப்பாராக.’ முற்றுப்புள்ளி. ‘ஏட்டைக் காணாதவர் தம் மனத்திலிருந்து ஓதிவிடுவார்.’ முற்றுப்புள்ளி. ‘வேதத்தில் ஒருவருடைய மனமும் கலவாதிருக்கட்டும்.’”

கடைசி வரியை முடிக்கும்போதே குரல் தேய்ந்தது. அந்த இரண்டு வரிகளை அவளும் அப்போதுதான் படிக்கிறாள். முகம் காது வரைக்கும் சுட்டது.

புள்ளி அண்ணன் முன்னால் சாய்ந்தார். “முதல் வரிக்கப்புறம் என்னமோ சொன்னியே.”

“இருக்குண்ணே. அச்சுல இருக்கு.”

“திரும்ப வாசி.”

திரும்ப வாசித்தாள். மூன்றாவது தடவையும் கேட்டார், வாசித்தாள். அதன் பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, கடைசியில் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“சித்தப்பா முதல் வரியோட நிறுத்திட்டார். எனக்கு யாரும் அதைத் தாண்டி வாசிச்சுக் காட்டவே இல்ல. எதுக்காகச் சொன்னதுன்னு தெரியாமலே நாப்பது வருசம்.” மறுபடியும் மூக்கைச் சிந்தினார். “அவர் அவருக்கு வேண்டியதை வச்சுக்கிட்டு மிச்சத்தை முழுங்கினார். நீ மொத்தத்தையும் முழுங்கிட்ட. ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாத் தெரியும்.”

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டியதுதான். வேதத்தில் தன் மனத்தைக் கலந்தவள் அவள். அதைச் செய்ய அவளுக்குப் பார்வைக் குறைவு தேவைப்படவில்லை.

கொஞ்சம் பொறுத்து, ஆசை விடாமல் கேட்டாள். “அப்போ ஏடு இருந்தா ஓதலாம்னுதானே அண்ணே அர்த்தம்? பிரெயில்ல வந்துட்டா அதுவும் ஏடுதானே? கீழ ஒரு சின்னக் குறிப்பு மட்டும் போட்டு...”

“ஆரம்பிச்சிட்டியா திரும்பவும்” என்றார் புள்ளி அண்ணன். “எனக்கும் அப்படித்தான் தோணுது. அதனாலதான் வேணாங்கிறேன். அர்த்தத்தைக் கூடம் பேசி முடிவு பண்ணட்டும். நம்ம வேலை புள்ளி.”

அன்று சாயங்காலத்துக்குள் வசனம் தன் இடத்துக்கு வந்தது, எண்கள் ஒவ்வொன்றாக மேலேறின. அவர் இருபத்துமூன்றின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மூலையில் மூன்று குத்து குத்தினார்.

அந்த அதிகாரத்தின் இன்னொரு பிரதியை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். பஸ் டிரைவரான அப்பா சமையலறை மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். குட்டி வீட்டுப்பாடம் என்ற பெயரில் கதை பேசிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்றாம் வசனம் இருக்கும் தாளை அவள் முன்னால் வைத்துவிட்டு, அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

குட்டியின் விரல்கள் வரியில் ஓடின. முதல் முற்றுப்புள்ளியில் நின்றன. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எட்டித் தாளைப் பிடுங்கலாமா என்று அம்மாவுக்குக் கை பரபரத்தது. மேசைக்கடியில் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். விரல்கள் மறுபடி நகர்ந்து, வசனத்தின் கடைசிவரை போய், திரும்பவும் தொடக்கத்துக்கு வந்தன.

“அம்மா, இது என்னைப் பத்தியா?”

“தெரியலடா. உன்னைப் பத்தின்னுதான் நெனச்சேன். நெனச்சு, அதை எடுத்துட்டேன். புள்ளி அண்ணன் கண்டுபிடிச்சிட்டார். இப்போ திரும்பப் போட்டாச்சு.”

குட்டி தாளிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு வேறு கேள்வி கேட்டாள். “நான் படிச்ச புத்தகம் எல்லாம் நீதானே அடிச்ச. அதுல எல்லாம் எதையாவது எடுத்திருக்கியா?”

அப்பாவின் கத்தி நின்றது. வசனத்தைப் பார்த்தபோது வராத பயம் அம்மாவுக்கு இப்போது வந்தது. இந்தப் பிள்ளைக்குத் தெரிந்த உலகத்தில் பாதி, தன் கை வழியாகப் போனது.

“இல்ல. இது ஒண்ணுதான். சத்தியமா இது ஒண்ணுதான். இனிமே கிடையாது.”

குட்டி அந்தக் குரலைத் தராசில் வைத்துப் பார்ப்பவள்போலத் தலையைச் சாய்த்தாள். “சரி” என்றாள் கடைசியில். பிறகு, “மனசுல இருந்து ஓதிடுவாங்கன்னு போட்டிருக்கே, எனக்குத்தான் மனப்பாடமே வராதே. டீச்சர் தினமும் திட்டுறாங்க. விரலை எடுத்தா எனக்கு ஒரு வார்த்தை வராது” என்றாள்.

“அதையே எழுந்து நின்னு சொல்லிடு” என்றார் அப்பா.

“ஆனா, நடுவுல யாராவது நிறுத்தச் சொன்னா?”

“சொன்னா நிறுத்து. ஆனா சொல்லட்டும். மணி அடிக்காம நான் வண்டியை நிறுத்தினதே இல்ல.”

அந்த நாள் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. வாசலிலேயே பல் டாக்டர் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் வேதத்தை விரித்துப் பிடித்திருந்தார், முகம் வெளுத்திருந்தது.

“நேத்துதான் அதிகாரத்தைப் பாத்தேன். எனக்குத் தோணவே இல்லம்மா. பாப்பா பாவம். இருபத்திமூணை மட்டும் தாண்டிடச் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. அவ நல்லதுக்குத்தான்.”

போன மாதமாக இருந்தால் அவர் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பாள். “நான் ஏற்கெனவே ஒரு தடவை தாண்டிப் பாத்தேன் டாக்டர்” என்றாள். “அவளுக்கு அது பிடிக்கல. வேணும்னா நீங்க நடுவுல நிறுத்துங்க. அவ நிறுத்திடுவா. ஆனா எடுக்க வேணாம்.”

டாக்டர் வேதத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

குட்டி எழுந்து போனாள். மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தாள், பெரிய தாள்களை விரித்தாள், ஆரம்பித்தாள். குரல் முதல் வசனத்தில் நடுங்கியது, மூன்றாவதில் நேரானது. புள்ளி அண்ணன் மூன்றாவது வரிசையில் தன் பிரதியை மடியில் விரித்து அவளோடு கூடவே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

“‘பார்வையற்றவர் சபைமுன் நின்று ஓதாதிருப்பாராக’” என்று வாசித்தாள் குட்டி, சபைமுன் நின்று. யாரோ இருமினார்கள். டாக்டரின் கை பாதி உயர்ந்து, அப்படியே நின்றது. “‘ஏட்டைக் காணாதவர் தம் மனத்திலிருந்து ஓதிவிடுவார். வேதத்தில் ஒருவருடைய மனமும் கலவாதிருக்கட்டும்.’”

கூடம் முழுக்கத் தாள் புரளும் சத்தம் கேட்டது. கண் தெரிந்த அத்தனை பேரும் குனிந்து, அவரவர் புத்தகத்தில் அந்த வசனத்தைத் தேடி, அவள் வாசித்தது சரியா என்று பார்த்தார்கள். ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை. டாக்டர் கையைக் கீழே இறக்கினார்.

குட்டி விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.