அம்மா சொன்ன பெயர்

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தேன், உதறினாள். எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் யாராவது எழுந்து ஒரு பெயரைச் சொன்னால், எல்லோரும் சேர்ந்து "காப்பாத்து, ஆண்டவா" என்போம். ஒருமுறை காணாமல்போன பூனைக்குக்கூடச் சொல்லியிருக்கிறோம்.

அம்மா அண்ணன் பெயரைச் சொன்னாள்.

பேக்கரிக்காரரைக் குத்திக் கொன்றவன் அண்ணன்தான். ஊரில் இந்தக் கூடத்துக்கு வருகிற நாங்கள் கொஞ்சம் பேர்தான். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் ஒருவரும் கடை திறக்கவில்லை. கூடத்தின் ஜன்னல்களை யாரோ கல்லால் அடித்து நொறுக்கிவிட்டார்கள்.

அந்தப் பெயருக்கு ஒருவரும் "காப்பாத்து" சொல்லவில்லை.

"உக்காரும்மா," என்றார் கூடத்தின் தலைவர். "அவன் நம்ம ஆளே இல்லன்னு இப்பதான் வெளிய டிவி கேமரா முன்னாடி சொல்லிட்டு வரேன்."

"போன வாரம் உங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தான்?"

பின்னாலிருந்து சித்தி சீறினாள். "பெத்த லட்சணத்துக்கு வாய் வேற! நாளைக்கு எங்க பிள்ளைங்க எப்படி ஸ்கூலுக்குப் போகும்?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லுடி."

பேக்கரிக்காரரின் மகள் வகுப்பில் என் பெஞ்சில்தான் உட்காருகிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா அப்படியே நின்றாள். கடைசியில் தலைவர் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் கிளம்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நள்ளிரவாகியும் அம்மா இன்னும் தூங்கவில்லை, புரளுவது கேட்கிறது. எனக்கும் தூக்கம் வரவில்லை. செத்துப்போனவருக்காக எங்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நானும்தான் எழுந்திருக்கவில்லை.

"எங்கப்பாவுக்காக யாராவது வேண்டிக்கிட்டீங்களாடி?" என்று பேக்கரிக்காரரின் மகள் கேட்டால், நான் என்ன சொல்வேன்?