சேலைக் கவருக்குள் ஒரு கேமரா

1

நான் செய்த ஒரு தப்பிலிருந்து இந்தக் கதை வந்தது. அதை ஒளித்து இரண்டு வரைவுகள் எழுதினேன். இரண்டும் உருப்படவில்லை.

சங்கரன்கோவிலில் ஆறு வருடம் ராத்திரி ஷிப்டில் விசைத்தறி ஓட்டிவிட்டு நின்றவன் நான். இப்போது பகலில் ஒரு சாயப்பட்டறையில் எடுபிடி. சம்பவம் அங்கேதான் நடந்தது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "சாயத்துளிகள் மாணிக்கங்களைப் போல மேலெழுந்து—"

மாணிக்கத்தை நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

2

மாடத்தி போட்டோகிராபர். சேலைப் பெட்டியின் அட்டைக்குச் சாயம் தெறிக்கும் படம் ஒன்று வேண்டுமென்று ஒரு கம்பெனி கேட்டிருந்தது. மறுநாள் காலை ராயகிரியில் கல்யாணம். அவள் தனியாக ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம். இரண்டுக்கும் அவளுடைய ஒரே கேமரா.

(வாடகைக் கேமரா என்று எழுதிப் பார்த்தேன். எழுதுகிற எனக்குப் பயம் குறைந்தது. அதனாலேயே பொய் என்று தெரிந்தது.)

சாயத்தண்ணீரில் உப்பு உண்டு. ஒரு சொட்டு உள்ளே போனால் கேமரா முடிந்தது. அவள் சேலை மடித்துவைக்கும் பிளாஸ்டிக் கவரைக் கேமராவுக்கு மாட்டி, லென்ஸ் கழுத்தில் ரப்பர்பேண்ட் போட்டாள். முன்னால் பழைய கடைபோர்டிலிருந்து கழற்றிய அக்ரிலிக் தகட்டை நிறுத்தினாள்.

சாயம் போடுகிற இசக்கித்துரை சிரித்தான். "சேலை உடுத்தியாச்சு. பூவும் வச்சா பொண்ணு பாக்க வரச் சொல்லிரலாம்."

"நீரு ஒழுங்கா எறியும் வே. இதுல தண்ணி பட்டா நாளைக்கு எம் பொழப்பு நாறிரும்."

இசக்கித்துரை வளையமாகச் சுற்றிய நூல் சிட்டத்தை ஓங்கிச் சாயத் தொட்டியில் போட்டான். ஃபிளாஷ் வெட்டியது. மூவரும் திரையில் குனிந்தோம்.

அரக்குச் சாயம் எழுந்து நின்றது. விழவில்லை. ஓரம் விரல் விரலாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு, கழன்றும் கழலாமலும். ஒரு சொட்டுக்குள் பட்டறையின் ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது. ஆறு வருடம் என் கண்முன் தறியில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடியது. ஒருநாளும் அதை நான் பார்த்ததில்லை, சத்தம்தான் கேட்டேன். இவ்வளவும் எப்போதும் நடந்துகொண்டிருந்ததா?

"நெசமாவே இது நான் எறிஞ்சதா?" என்றான் இசக்கித்துரை. "இருவது வருசமா எறியுதேன்."

3

பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் தகட்டைத் துடைக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் வரைவில் துடைத்தவன் இசக்கித்துரை. அவன் கதை படிக்கிறவன் இல்லை என்ற தைரியம்.

துடைத்தது நான். மென்மையான துணி ஒன்றை மாடத்தி கையில் கொடுத்திருந்தாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்த கழிவு நூலை எடுத்தேன். தறிக்காரனுக்கு எண்ணெயானாலும் வியர்வையானாலும் துடைக்க அதுதான். கஞ்சி போட்ட பாவு நூல், காய்ந்தால் முள். தறியை விட்டும் இடுப்பு அதை விடவில்லை.

நாலாவது படத்தில்தான் பெரிதாக்கிப் பார்த்தாள். சாயத்தின் குறுக்கே நூறு வெள்ளைக் கீறல்கள்.

"எதை வச்சு அண்ணாச்சி தொடச்சீய?"

காட்டினேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கதையே—

வேண்டாம்.

(முதல் வீச்சின் படம் இருக்கிறதே என்பீர்கள். அதில் தொட்டியின் விளிம்பில் இசக்கித்துரையின் பெருவிரல். கம்பெனி வாங்காது. அவளோ கம்பெனியை மறந்துவிட்டிருந்தாள். அந்த விரல் இல்லாமல் அதை இன்னொருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.)

4

தொட்டியில் மிஞ்சிய சாயம் ஒரு வீச்சுக்குத்தான் காணும். அதற்குப் பிறகு அடுத்த நிறத்துக்காகக் கழுவியாக வேண்டும். வேறு தகடு இல்லை. கீறல் விழுந்த தகட்டை மாடத்தி எடுத்துச் சுவரில் சாய்த்தாள். இனிக் கேமராவுக்குக் கவர் மட்டும்தான் காவல்.

முடிவு ஒன்று: படம் கிடைக்கிறது, கேமராவும் பிழைக்கிறது. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: ரப்பர்பேண்ட் இடுக்கில் உப்புச் சாயம் இறங்குகிறது. காலையில் ராயகிரியில் தாலி ஏறுகிறது, படமெடுக்கக் கேமரா இல்லை. இதை எழுதினால் நான் தண்டனை பெற்றதுபோல இருக்கும். பெற்றது அவளாக இருக்கும்.

இரண்டையும் கிழித்தேன். ஏனென்றால் நடுவில் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள், அதைத் தாண்டிப் போக எனக்கு உரிமையில்லை.

இசக்கித்துரை சிட்டத்தை ஓங்கிவிட்டான். அவள் விரல் பட்டனில். கண்ணை எடுக்காமல் கேட்கிறாள்:

"சொல்லுங்க, எடுக்கவா வேண்டாமா?"

அன்றைக்கு நான் தரையைப் பார்த்தேன். எனக்குப் பதிலாக நீங்கள் அவள் பக்கத்தில் நில்லுங்கள். அவன் கை வலிக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.